கிறிஸ்துமஸ் பரிசாகத் தர, கையடக்கக் கருவி ஒன்றுக்கு வீட்டிலேயே உறை தைக்க முடியுமா? கடையில் வாங்குவதுதான் நல்லதா?

தைக்கலாம், தாராளமாகத் தைக்கலாம். "கடையில் நல்ல கேஸ் கிடைக்கும்போது எதற்கு இந்த வெட்டி வேலை?" என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். பதில் நீளமாகப் போவதற்கு அதுதான் காரணம்.

என்ன கருவி என்று நீங்கள் சொல்லவில்லை. வீட்டுப் பிள்ளை விளையாடும் கேம் கருவி என்றே எடுத்துக்கொள்கிறேன். போனாகவோ டேப்லெட்டாகவோ இருந்தால் வேலை இன்னும் சுலபம், அவை தட்டையானவை.

நான் தைத்தது அக்கா மகனின் நிண்டெண்டோ சுவிட்சுக்கு, 2017-இல் வந்த முதல் மாடல். இதில் பலரும் கோட்டை விடும் இடம் அளவுதான். நிறுவனம் சொல்லும் தடிமன் 13.9 மில்லிமீட்டர். ஆனால் முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும், கட்டைவிரலால் அசைத்து விளையாடும் ஸ்டிக்கின் நுனியிலிருந்து பின்பக்கப் பட்டன்களின் மேடு வரை அளந்தால் 28.4 மில்லிமீட்டர் வரும், ஏறக்குறைய இரண்டு மடங்கு. எந்தக் கருவியானாலும் அதன் மிகத் தடித்த இடத்தைத்தான் அளக்க வேண்டும்.

கணக்கு இதுதான். இரண்டு துண்டுகளைச் சுற்றித் தைக்கும் உறை என்றால், துண்டின் நீளம் = கருவியின் நீளம் + தடிமன் + இரு பக்கத் தையல் விளிம்பு. சுவிட்ச் 239 மில்லிமீட்டர் நீளம், அதோடு தடிமன் 28, விளிம்புக்கு 10, ஆக 277. உள்துணி கொடுப்பதாக இருந்தால் மேலே ஒரு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். முதலில் செய்தித்தாளில் வெட்டி, கருவியைச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். ஃபெல்ட் துணியில் (இழைகளை நெய்யாமல் அழுத்திச் செய்த கெட்டித் துணி) கத்தரி வைப்பது அதற்கு அப்புறம்தான்.

துணி 3 மில்லிமீட்டர் ஃபெல்ட். பிசிறு வராது, ஓரம் மடித்துத் தைக்கத் தேவையில்லை. சிவப்பு எடுத்தால் ஒரு மூலையை ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துண்டு வேண்டாம். கம்பளி ஃபெல்ட் வெந்நீரில் சுருங்கும், பாலியஸ்டர் ஃபெல்ட் சூடான இஸ்திரிப் பெட்டியில் உருகும். இரண்டையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஓரத்துக்குப் பிளாங்கெட் தையல்தான் (ஓரத்தைச் சுற்றி நூலை வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டே போவது) அழகு. எம்பிராய்டரி நூல் ஆறு இழையாக வரும், அதில் மூன்றைப் பிரித்தெடுத்துத் தைத்தால் பளிச்சென்று தெரியும். இந்த ஓரத்தைக் க்ளூ கன்னால் ஒட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். காய்ந்த பசை விறைத்துப்போகும், பிள்ளை இழுக்கிற இழுப்பில் பிரிந்துவிடும். நூலே போடுங்கள்.

ஸ்டிக்குகள் அழுந்தக் கூடாது. அதற்காக முன்துண்டின் உள்பக்கம், இரண்டு ஸ்டிக்குகளுக்கும் நடுவில் வருமாறு, ஃபெல்டை நான்கு அடுக்காக அடுக்கி ஒரு திண்டு தைத்தேன். மேலே பாரம் விழுந்தால் திண்டு தாங்கும், ஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. திண்டின் மேலும் உள்ளே எல்லா இடத்திலும் மிருதுவான ஃபிளானல். முதல் மாடலின் திரைக்கு மேற்பரப்பு பிளாஸ்டிக், ஒரு மணல் துகள் போதும் கோடு விழ. அதனால் ஜிகினா, சமிக்கி எதுவும் உள்ளே வரவே கூடாது. வெளியேயும் ஜிகினாத் தூளை நான் தொடவில்லை. அது உதிர்ந்து சார்ஜ் போடும் துளைக்குள் போய்விடும்.

இப்போது முகப்பு. பச்சையில் ஒரு மரம், அதன் அடியில் வரிசையாகக் குட்டிப் பரிசுப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் உண்மையில் ஒரு பாக்கெட், கேம் பதிந்த கார்டு ஒன்று நிற்கும். கார்டு தபால்தலை அளவுதான், பிள்ளைகள் அடிக்கடி தொலைத்துவிடுவார்கள். (அந்தக் கார்டின் மேல் டினாட்டோனியம் பென்சோயேட் என்ற கடுங்கசப்புப் பொருள் பூசியிருக்கிறார்கள், குழந்தைகள் வாயில் போட்டு விழுங்கிவிடக் கூடாதே என்று. நல்ல யோசனை.) பெட்டி மேலிருக்கும் ரிப்பன்தான் பாக்கெட்டின் மூடி, அதற்கு அடியில் ஒரு டிச் பட்டன்.

பையன் பரிசுத் தாளைப் பிரித்ததும் முதலில் மரத்தைத்தான் தடவினான். அப்புறம் ஒரு ரிப்பனை நகத்தால் நெம்பினான். பட்டன் 'டிக்' என்று விட்டது, உள்ளே கார்டின் முனை தெரிந்தது. "சித்தி, இது திறக்குது!" என்று கத்தினான். அத்தனை பெட்டிகளையும் திறந்து, மூடி, எந்தப் பெட்டியில் எந்த கேம் என்று அவனே இடம் ஒதுக்கினான். அந்தப் பாக்கெட்டுகள் அவனிடம் இருந்த கார்டுகளின் எண்ணிக்கைக்காகவே தைத்தவை. இதை எந்தக் கடையில் வாங்குவது?

"கீழே போட்டால் துணி காப்பாற்றுமா?" என்று கேட்பவர்கள் வருவார்கள் என்று தெரியும். கெட்டியான ஓடு உள்ள கேஸுக்கு இது சமம் என்று நான் சொல்லவே இல்லை. கீறலுக்கும் சிறு இடிக்கும் போதும். பள்ளிப் பையில் புத்தகங்களோடு போகும் கருவி என்றால், முன்பக்கம் ஃபெல்டுக்கும் உள்துணிக்கும் நடுவே வளையாத பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் செருகித் தையுங்கள். எப்படித் தைத்தாலும், உறைக்குள் வைத்தபடி சார்ஜ் போடாதீர்கள். ஃபெல்ட் சூட்டை வெளியே விடாது, கருவியின் காற்றுத் துளையும் அடைபடும். டேப்லெட்டுக்கும் மின்னூல் கருவிக்கும் தைப்பவர்கள் காந்தப் பட்டனைத் தவிர்த்தால் நல்லது. அவற்றில் பல, மூடியில் உள்ள காந்தத்தை உணர்ந்துதான் திரையை அணைக்கும். தவறான இடத்தில் காந்தம் இருந்தால் தானாக அணைந்து அணைந்து எரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். இதைப் பார்த்த சொந்தக்காரர்கள் அடுத்து கேட்டது "எனக்கும் ஒன்று போட்டுக் கொடேன், உனக்குத்தான் பொழுது போகுமே". வெட்டி வேலை என்று சொன்ன அதே வாய். துணி வாங்கித் தருகிறேன் என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை. தச்சரிடமோ எலக்ட்ரீஷியனிடமோ இப்படிக் கேட்பார்களா? ஊசி பிடிப்பது மட்டும் எப்படி ஓசியாகிப்போனது? பணம் வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் இது வேலை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் முழுக்கக் குனிந்து தைத்தால் கழுத்து வலிக்கிறது. உங்களிடமும் கேட்பார்கள், முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

சரி, கடைசியாக ஒன்று. பண்டிகை முகப்பை உறையோடு சேர்த்துத் தைத்துவிடாதீர்கள். உறையை ஒரே நிறத்தில் தைத்து, மரம் உள்ள முகப்பைத் தனித்துண்டாக நான்கு மூலையிலும் டிச் பட்டன் போட்டு மாட்டுங்கள். ஜனவரியில் அதைக் கழற்றி வைத்துவிட்டு, அதே பட்டன்களில் வேறு முகப்பு மாட்டலாம். நான் அவனுக்கு ராக்கெட் ஒன்று போட்டுக் கொடுத்தேன், பாக்கெட்டுகள் ஜன்னல்களாகிவிட்டன. உறை வருடம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது.