வெளிநாட்டில் குழந்தைகள் கோடை முகாமுக்குத் தன்னார்வலராகப் போவது எப்படி? குழந்தைகளைப் பிடித்திருந்தால் போதுமா?

நான் போயிருக்கிறேன். 2019 ஜூலையில் ஜெர்மனிக்கு, மூன்று வாரம். முதல் கேள்விக்குப் பதில் சுலபம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் போனது சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் வழியாக. எஸ்சிஐ என்பார்கள். முதல் உலகப்போர் முடிந்தபின் 1920இல் பியேர் செரெசோல் என்ற சுவிஸ்காரர், போரில் எதிரெதிராக நின்ற நாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பிரான்சில் வெர்டன் பக்கம் அழிந்துபோன ஒரு கிராமத்தைச் சீர்செய்யக் கிளம்பினார். அதில் தொடங்கிய அமைப்பு இது. 1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு அவர் இந்தியாவுக்கும் வந்து வேலை செய்தார். இங்கேயும் அதற்குக் கிளை உண்டு. பல நாட்டு ஆட்கள் இரண்டு மூன்று வாரம் சேர்ந்து தங்கி ஒரு வேலையைச் செய்வதை 'ஒர்க் கேம்ப்' என்கிறார்கள். பிள்ளைகளுக்கான கோடை முகாமில் கைகொடுப்பது அதில் ஒரு வகை. சோறும் தங்க இடமும் அவர்கள் பொறுப்பு. விமானம், விசா, காப்பீடு, பங்கேற்புக் கட்டணம் நம் பொறுப்பு. சம்பளம் கிடையாது. (அமெரிக்க முகாம்களுக்கு ஜே-1 விசாவில் போவது வேறு வழி. அதில் கையில் கொஞ்சம் காசு வரும், அதிகபட்சம் நான்கு மாதம் இருக்கலாம்.)

எனக்கு ஷெங்கன் குறுகியகால விசா, ஜெர்மனி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது. அன்றைக்குக் கட்டணம் 60 யூரோ, இப்போது 90. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். சென்னை–பெர்லின் போக வர 48,000 ரூபாய் ஆனது. பிள்ளைகள் முகாம் என்பதால் போலீஸ் நற்சான்றும் கேட்டார்கள். பாஸ்போர்ட் அலுவலகத்தில் 500 ரூபாய் கட்டி வாங்கலாம். ஆனால் எங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் விசாரணை முடியவே மூன்று வாரம் இழுத்தது. "சின்னப் பிள்ளைகளோட விளையாடப் போறதுக்கு எதுக்கும்மா இது?" என்று ஏட்டய்யா சிரித்தார். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

இனி இரண்டாவது கேள்வி.

எங்கள் வீட்டில் நான் அத்தைக்காரி. அண்ணன் பிள்ளைகள் மூன்று, பக்கத்து வீட்டில் இரண்டு. கன்னத்தைக் கிள்ளுவது, மடியில் தூக்கி வைப்பது, யார் பிள்ளை என்று பார்க்காமல் வாயில் எதையாவது ஊட்டுவது, இதெல்லாம் எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. விண்ணப்பத்தில் "குழந்தைகளிடம் எனக்குத் தனிப் பிரியம்" என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். போய் இறங்கிய முதல் நாளே அந்தக் கையைக் கட்டிப்போட்டுவிட்டார்கள்.

பெர்லினிலிருந்து ரோஸ்டாக் போகிற ரயிலில் வாரன் என்ற ஊரில் இறங்க வேண்டும். மியூரிட்ஸ் என்ற பெரிய ஏரி அங்கேதான். முகாம் அங்கிருந்து தள்ளி, காட்டுக்குள் ஒரு சின்ன ஏரிக்கரையில். 8 முதல் 12 வயது வரை நாற்பது பிள்ளைகள். எங்கள் குழுத்தலைவிக்கு வயது 19, எனக்கு 26. ஆனால் அவளிடம் 'யூலைக்கா' அட்டை இருந்தது. இளையோரை நடத்திச் செல்லப் பயிற்சி எடுத்தவர்களுக்கு ஜெர்மனி முழுக்கச் செல்லுபடியாகும் அட்டை அது. அதனால் அவள் சொல்வதுதான் சட்டம்.

பிள்ளைகள் வருவதற்கு முன்பே எங்களை உட்காரவைத்து விதிகளைச் சொன்னார்கள். பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது. பிள்ளை தானாக வந்து கட்டிக்கொண்டால் சரி, நீ போய்த் தூக்காதே. சன் கிரீமை அவர்களே பூசிக்கொள்ளட்டும், முதுகுக்கு எட்டாவிட்டால் தோழிகள் பூசட்டும். உன் போனில் போட்டோ எடுக்காதே. சமையலறையைக் கேட்காமல் எதையும் தின்னக் கொடுக்காதே.

கடைசி விதியில்தான் மாட்டினேன். கோவில்பட்டிக்காரி வெறுங்கையோடு போவாளா? இரண்டு கிலோ கடலை மிட்டாய் கொண்டுபோயிருந்தேன். சமையலறைப் பொறுப்பாளரம்மா ஒரு பாக்கெட்டை வாங்கிப் பார்த்தார், "எர்ட்நுஸ்" என்றார், அவ்வளவையும் அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டினார். வேர்க்கடலை. வந்திருந்தவர்களில் ஒரு பெண்ணுக்கு அது ஒரு துளி பட்டாலும் ஆகாதாம். அவள் எங்கே போனாலும் ஒரு சிவப்புப் பை கூடவே போகும், உள்ளே தொடையில் குத்துகிற அட்ரினலின் ஊசி. முதல் வாரம் முழுக்க எனக்கு மனத்தாங்கல்தான். சந்தேகப்படுகிற ஊராக இருக்கிறதே என்று அம்மாவிடம் போனில் புலம்பினேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஒரு பெண் பிள்ளையின் முழங்காலுக்குப் பின்னால் உண்ணி ஒட்டியிருந்தது. அந்தக் காடுகளில் உண்ணி அதிகம், போரெலியா நோயைக் கொண்டுவரும் என்பதால் தினமும் சாயங்காலம் தேடச் சொல்வார்கள். எங்கள் ஊரில் ஆட்டுக் காதிலிருந்து பத்துப் பதினைந்து உண்ணி பிடுங்கியிருப்பேன். குனிந்து நகத்தால் எடுக்கப் போனவளைத் தலைவி நிறுத்தினாள். ஒரு ஃபைலை எடுத்து வந்தாள். அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள், 'உண்ணி எடுக்கலாமா' என்று ஒரு கட்டம், அப்பா அம்மா கையெழுத்து. இந்தப் பிள்ளையின் தாளில் கட்டம் காலி. தாய்க்குப் போன் போட்டாள், சரி என்று வாங்கினாள், நேரத்தைக் குறித்துக்கொண்டாள். அப்புறம்தான் ட்வீசரைத் தோலோடு ஒட்டவைத்து நிதானமாக இழுத்தாள். கடித்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் தேதி எழுதினாள். சிவப்பு பரவினால் தெரிய வேண்டுமே. இவ்வளவும் நடக்கும்போது அந்தப் பிள்ளையிடம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் "இப்போ இதைச் செய்யட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எட்டு வயதுப் பிள்ளை, "ம்" என்று தலையாட்டி அனுமதி கொடுத்தது.

அதைப் பார்த்த பிறகுதான், எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கன்னத்தைக் கிள்ளுமுன் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறேனா என்று யோசித்தேன். அவர்களில் ஒருத்தி என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கூச்சம் என்று நாங்கள் சிரிப்போம்.

இரவுதான் கஷ்டம். ஜூலையில் அங்கே ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். பிள்ளைகளைத் தூங்கச் சொன்னால் எப்படித் தூங்கும்? ஒரு பையன் மட்டும் தினமும் அழுவான். வீட்டு ஏக்கம். அதற்கென்றே 'ஹைம்வே' என்று ஜெர்மனில் ஒரு சொல் உண்டு. நம் ஊர் என்றால் பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்துவிடலாம். அங்கே நான் செய்யக்கூடியது, கதவைத் திறந்துவைத்து நடைபாதையில் உட்கார்ந்திருப்பது. எனக்குத் தெரிந்த ஜெர்மனோ இருபது வார்த்தை.

சும்மா உட்கார முடியாமல், ஏரிக்கரையில் பொறுக்கிய ஐந்து கூழாங்கல்லை வைத்துத் தட்டாங்கல் ஆடினேன். ஒன்றாங்கல், இரண்டாங்கல் என்று எனக்குள்ளேயே. கல் தரையில் உரசும் சத்தத்தில் அழுகை கொஞ்சம் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசற்படிக்கு வந்து, மேலே எறிந்த கல் கீழே வருவதற்குள் நான் மற்றதை அள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்காங்கல்லில் கோட்டைவிட்டேன். "ஃபால்ஷ்!" என்றான், கெக்கலித்துக்கொண்டு. தப்பு என்று அர்த்தம். மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் பாதிப் பிள்ளைகள் முன்னால் கல் கிடந்தது.

மற்றபடி வேலை என்பது தட்டுக் கழுவுவது, ஈரத் துண்டு காயப்போடுவது, தலை எண்ணுவது. ஏரிக்குப் போகும்போது நாற்பது, திரும்பும்போது நாற்பது, நடுவில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாற்பது. அங்கே பிள்ளைகள் நீச்சல் உடையில் கடல்குதிரைப் படம் தைத்திருக்கும். 25 மீட்டர் நீந்திக் காட்டினால் கிடைக்கும் பட்டை அது. அதை நம்பி ஆழத்தில் விட்டுவிடாதே, அடுத்த நிலையான வெண்கலம் இருந்தால்தான் நீந்தத் தெரிந்தவர் கணக்கு என்று தலைவி படித்துப் படித்துச் சொன்னாள். ராத்திரி சாப்பாடு தினமும் ரொட்டி, சீஸ், வெள்ளரிக்காய், எல்லாம் ஆறிப்போனது. மூன்றாம் வாரம் ரசம் கனவில் வந்தது. அக்கா என்று கூப்பிட ஆளில்லை, எட்டு வயதுப் பொடியன்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். அது இரண்டு நாளில் பழகிவிடும்.

ஆகவே, குழந்தைகளைப் பிடித்திருப்பது விண்ணப்பம் எழுதத் தேவைப்படும். அங்கே போனபின் தேவைப்படுவது பொறுமை, தலை எண்ணத் தெரிவது, உங்களைவிடச் சின்னவர் சொல்வதைக் கேட்டு நடப்பது. குழந்தைகளோடு படம் எடுத்துப் போடலாம் என்ற ஆசையில் கிளம்புகிறவர்கள் காசை மிச்சம் பிடிக்கலாம். போவது என்று முடிவெடுத்தால் போலீஸ் சான்றை முதலில் எழுதிப்போடுங்கள்.

கடலை மிட்டாய் கொண்டுபோகாதீர்கள். கடைசி நாள் பிள்ளைகளை ஏற்றிய பேருந்து கிளம்பியபின் அலமாரியைத் திறந்து, நாங்கள் பெரியவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு கிலோவை முடித்தோம். எள்ளுருண்டை பரவாயில்லையா என்று அந்தச் சமையலறை அம்மாவிடம் கேட்டும் பார்த்துவிட்டேன். அதுவும் ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கிறதாம்.