விபத்து இழப்பீடு: முதல் வாரத்துக் காகிதங்களும் கடைசித் தீர்ப்பும் (கேள்வி பதில்)

மேடம், அண்ணன் பைக்கை லாரி இடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது பதற்றத்தில் "வண்டியிலிருந்து விழுந்துட்டார்" என்று சொல்லிவிட்டோம். ஏ.ஆர். காப்பியிலும் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) அப்படியே எழுதிவிட்டார்கள். கேஸ் நிற்குமா?

நிற்கும் தம்பி, ஆனால் கூடுதலாக உழைக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் தரப்பு வக்கீல் முதலில் புரட்டுவது அந்த ஏ.ஆர். காப்பியைத்தான். எங்கே, எப்படி, எந்த வண்டி, கூட்டி வந்தது யார் என்று டூட்டி டாக்டர் எழுதும் அந்த நாலு வரியில் லாரி இல்லையென்றால், "தானாக விழுந்தவர், பிறகு லாரியைச் சேர்த்துவிட்டார்கள்" என்று வாதிடுவார்கள்.

அதைத் திருத்தச் சொல்லி ஆஸ்பத்திரியில் யாரிடமும் கேட்காதீர்கள். அடித்துத் திருத்திய பதிவு உங்களுக்கே எதிராகத் திரும்பும். இன்றே ஸ்டேஷனில் லாரி எண்ணோடு புகார் கொடுங்கள். தாமதம் ஏன் என்பதையும் புகாரிலேயே எழுதுங்கள்: அண்ணன் நினைவில்லாமல் இருந்தார், கூட்டி வந்தவர் விபத்தைப் பார்க்காதவர் என்று, உண்மை எதுவோ அதை. புகார் வந்தது என்று மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடாமல் எஃப்.ஐ.ஆர். நகலை வாங்குங்கள். பக்கத்துக் கடையில் கேமரா இருந்தால் பதிவு சில நாளில் அழிந்துவிடும், இன்றே போய்க் கேளுங்கள். எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட்டில் லாரியின் எந்தப் பக்கம் கீறல் என்று இருக்கும். அது அண்ணன் பைக்கின் சேதத்தோடு பொருந்தினால் பெரிய பலம். இது கிரிமினல் கேஸ் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய வழக்கு அல்ல. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

கணவருக்கு 32 வயது, சென்ட்ரிங் வேலை. முட்டி மடங்கவில்லை. வலது காலுக்கு 40 சதவீத ஊனம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். எவ்வளவு கிடைக்கும்?

அம்மா, 40 என்பது காலுக்கான கணக்கு. விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது, அந்த மனிதர் பிழைப்பில் எவ்வளவு இழந்தார் என்பதை. இந்த வித்தியாசத்தை உச்ச நீதிமன்றம் 2010இல் ராஜ்குமார் வழக்கில் தெளிவாகச் சொன்னது. மேசை வேலை செய்பவருக்கு முட்டி மடங்காவிட்டாலும் சம்பளம் வரும். சாரத்தில் ஏறிக் கம்பி கட்டுபவருக்கு அந்தத் தொழிலே போய்விட்டது.

மாதம் 15,000 ரூபாய் என்று வையுங்கள். 40 வயதுக்குக் கீழே, நிரந்தர வேலை இல்லாதவர் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. 31 முதல் 35 வயது வரை ஆண்டு வருமானத்தைப் பெருக்கும் எண் 16. மொத்தம் 40,32,000. இழப்பு 60 சதவீதம் என்று ஏற்றால் 24,19,200 ரூபாய். எதிர்த்தரப்பு "உடல் முழுமைக்கும் 15 சதவீதம்தான்" என்று வாதாடி ஜெயித்தால் அதே மனிதருக்கு 6,04,800. மருத்துவச் செலவு, வலி வேதனை, உதவியாளர் செலவு எல்லாம் இதற்கு மேல். காயவழக்கில் சொந்தச் செலவுக் கழிவு கிடையாது, மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் ஆட்சேபியுங்கள்.

ஆகவே டாக்டரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, "இவரால் ஏணி ஏற முடியுமா, குத்துக்காலிட்டு உட்கார முடியுமா, சுமையோடு நிற்க முடியுமா" என்று ஒவ்வொன்றாக உங்கள் வக்கீல் கேட்டாக வேண்டும். சான்றிதழை மட்டும் தாக்கல் செய்துவிட்டு உட்கார்ந்தால் வழக்கு அங்கேயே இளைத்துவிடும். வருமானத்துக்கு மேஸ்திரியின் சாட்சி, வங்கிப் பாஸ்புக், கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை மூன்றையும் சேருங்கள்.

இடித்த வண்டி எதுவென்றே தெரியவில்லை.

எஃப்.ஐ.ஆரோடு கோட்டாட்சியரிடம் விண்ணப்பியுங்கள். கொடுங்காயத்துக்கு 50,000, இறப்புக்கு 2 லட்சம். பிறகு வண்டி சிக்கினால் முழு இழப்பீட்டு வழக்கு போடலாம், வாங்கியதை அதில் ஈடு செய்துகொள்வார்கள்.

விபத்து நடந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. வழக்குப் போட ஆறு மாதக் கெடு என்கிறார்களே மேடம்?

2022 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில் அந்தக் கெடு உண்மைதான். அது செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கு முடியும்வரை, கெடு தாண்டியதை மட்டும் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. ஆகவே கைவிடாதீர்கள், இந்த வாரமே எம்.சி.ஓ.பி. (விபத்து இழப்பீட்டு மனு) போடுங்கள். விபத்து நடந்த ஊருக்குத்தான் அலைய வேண்டும் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

ரோட்டில் நடந்துபோன என்னை இடித்த டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை, பணம் தர முடியாது என்கிறது இன்ஷூரன்ஸ் கம்பெனி.

அது கம்பெனிக்கும் வண்டி முதலாளிக்கும் நடுவிலுள்ள தகராறு. ரோட்டில் நடந்துபோன உங்களுக்கு முதலில் கொடுத்துவிட்டு, முதலாளியிடம் வசூலித்துக்கொள் என்று தீர்ப்பாயம் உத்தரவிடுவது வழக்கம். வக்கீல் அதை மனுவிலேயே கேட்க வேண்டும். முதலாளியையும் எதிர்மனுதாரராகச் சேர்த்திருக்கிறாரா என்று பாருங்கள்.

தொகையில் 30 சதவீதம் தருவதாக எழுதிக் கொடுங்கள் என்கிறார் வக்கீல். வெற்றுத்தாளிலும் கையெழுத்து கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. கட்டணத்தை ரூபாயில் பேசி ரசீது வாங்குங்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே வக்காலத்தோடு நிற்கும் புரோக்கரிடம், வலியில் இருக்கும் மனிதரின் கைநாட்டு எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள்.

லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசத் தொகையைச் சொன்னால், மேலே போட்ட கணக்கை உங்கள் எண்களோடு ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகே தலையசையுங்கள். அங்கே ஒப்புக்கொண்டதற்கு அப்பீல் கிடையாது.