நிவாரணத்தின் தரத்தைக் கேட்கலாமா?

கேள்வி: புயல், வெள்ளம் வந்தால் எங்கள் பகுதிக்குப் பல தொண்டு நிறுவனங்கள் வருகின்றன. இலவசமாகக் கிடைக்கும் உதவியில் தரம் பார்ப்பது முறையா? குறை சொன்னால் அடுத்த முறை பட்டியலில் பெயர் விடுபட்டுவிடுமோ என்று பலரும் அஞ்சுகிறார்கள்.
– வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்: முறைதான். ‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே’ என்ற பழமொழி இங்கே செல்லாது. ஏனெனில் நிறுவனம் தருவது தன் சொந்தப் பணத்தையன்று, உங்கள் துயரைச் சொல்லிப் பிறரிடம் திரட்டிய பணத்தை.

1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி, இன்றைய காங்கோவிலுள்ள கோமாவில் தஞ்சமடைந்தபோது, காலராவும் சீதபேதியும் பரவி முதல் மாதத்திலேயே ஏறத்தாழ 50,000 பேர் இறந்தனர். உதவ வந்த நிறுவனங்களுள் சில போதிய தேர்ச்சியோ ஒருங்கிணைப்போ இல்லாமல் செயல்பட்டதை 1996-இல் வெளியான பன்னாட்டு மதிப்பீடு எடுத்துக்காட்டியது. அடுத்த ஆண்டே தொண்டு நிறுவனங்களும் செஞ்சிலுவை இயக்கமும் சேர்ந்து, நிவாரணப் பணிக்குக் குறைந்தபட்சத் தரங்களை வகுக்கும் ‘ஸ்ஃபியர்’ திட்டத்தைத் தொடங்கின. அதன் கையேடு, ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், குடியிருப்பிலிருந்து 500 மீட்டருக்குள் தண்ணீர் பிடிக்குமிடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, ஆண்களுக்கு ஒன்றென்றால் பெண்களுக்கு மூன்று என்று வரையறுக்கிறது. கழிப்பறைக் கதவுக்கு உட்புறத் தாழ்ப்பாள் வேண்டும் என்பதையும் அது விட்டுவிடவில்லை. இரவில் முகாமில் தங்கிய எந்தப் பெண்ணுக்கும் இதன் அருமை தெரியும்.

எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில், உடுத்திக் கழித்த துணிகள் எடுப்பாரின்றிச் சாலையோரம் குவிந்து கிடந்தன; தார்த் தகடுகளால் அமைத்த தற்காலிகக் குடியிருப்புகளில் கோடைவெயிலில் பகலில் இருக்க முடியவில்லை. அந்த மண்ணின் வெயிலை அறிந்த மீனவப் பெண்களிடம் முன்பே கேட்டிருந்தால் அவர்கள் சொல்லியிருப்பார்கள்.

அதனால்தான் 2014-இல் வெளியான மனிதநேயப் பணிக்கான அடிப்படைத் தர நெறி, மக்களைக் கலந்துகொள்வதையும் புகார்களுக்குப் பாதுகாப்பான வழி அமைப்பதையும் நிறுவனங்களின் கடமையாக்கியது. உங்கள் அச்சம் நியாயமானது; அதைப் போக்க வேண்டிய பொறுப்பு நிறுவனத்தைச் சேர்ந்தது. பட்டியல் தயாரிப்பவரிடமே புகாரையும் கொடுக்கச் சொல்லும் ஏற்பாடு பாதுகாப்பானதன்று. அடுத்த முறை வருபவர்களிடம் பயனாளிகளை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கிறீர்கள், புகாரை யார் விசாரிப்பார், எத்தனை நாளில் பதில் வரும் என்று கேளுங்கள். விடையை எல்லோரும் பார்க்கும்படி முகாம் வாசலில் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். தனியாகக் கேட்கத் தயங்கினால் மகளிர் சுயஉதவிக் குழுவின் பெயரில் கேட்கலாம்.