வட்டக்கானலில் இருந்து கும்பக்கரைக்கு முதல் நடை: எப்படித் தயாராவது?

கேள்வி: எனக்கு 44 வயது, திருச்சியில் வேலை பார்க்கிறேன். கல்லூரி முதலாண்டு படிக்கும் 17 வயது மகளும் நானும் குடியரசு தின விடுமுறையை ஒட்டி, ஒரு வழிகாட்டிக் குழுவோடு கொடைக்கானலில் இருந்து கும்பக்கரைக்கு நடந்து இறங்கப் பணம் கட்டியிருக்கிறோம். முதல் இரவு வட்டக்கானல், இரண்டாம் இரவு வெள்ளகவி, மூன்றாம் நாள் மாலை கும்பக்கரை. அவரவர் பையை அவரவரே சுமக்க வேண்டுமாம். இதுவரை மலையில் நடந்ததே இல்லை. இறக்கம்தானே என்று தைரியமாக இருக்கிறேன், குளிரை நினைத்தால்தான் பயம். 60 லிட்டர் பை, தெர்மல், ஸ்லீப்பிங் பேக் என்று பெரிய பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். எதையெல்லாம் வாங்க வேண்டும்?

பதில்: கடைக்குப் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குளிரைப் பற்றிய பயத்தைக் கொஞ்சம் குறைத்து, அதை இறக்கத்தின் பக்கம் திருப்புங்கள். அந்தக் குளிருக்கு நாலைந்து துணி போதும். இறக்கத்துக்கு ஒரு மாதத் தயாரிப்பு வேண்டும்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கும்பக்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியகுளம் 300 மீட்டரை ஒட்டி. இரண்டு நாளில் 1,500 மீட்டருக்கும் மேலே இறங்கப் போகிறீர்கள். பஸ் ரோடு வண்டிக்காக வளைந்து வளைந்து இறங்கும். இந்தப் பாதை அப்படிப் போட்டதில்லை. ஊர்க்காரர்கள் தலையிலும் தோளிலும் சுமை வைத்துக்கொண்டு ஏறி இறங்கிய பாதை. 1821இல் இந்த மலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு வெள்ளகவியில் தங்கித்தான் மேலே ஏறினார். மோட்டார் ரோடு வருவதற்கு முன் சமவெளியில் இருந்து கொடைக்கானலுக்குப் போனவர்கள் பெரியகுளத்துப் பக்கமிருந்துதான் ஏறினார்கள். பல இடங்களில் பாதை என்பது கல்லும் வேரும் கலந்த படிக்கட்டுதான்.

ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறக்கம் வேறு மாதிரி. ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்பக்கத் தசை, நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. பழக்கமில்லாத தசையில் இது நுண்ணிய சேதத்தை உண்டாக்கும். அந்த வலி அன்றைக்குத் தெரியாது. அடுத்த நாள் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். உங்கள் திட்டத்தைப் பாருங்கள்: இரண்டாம் நாள் இறங்குகிறீர்கள், வலி எழும் மூன்றாம் நாள் மறுபடியும் இறங்குகிறீர்கள். முதல்முறை நடக்க என்னோடு வந்தவர்களில் கண் கலங்கியவர்கள் எல்லோரும் அந்தக் கடைசி நாளில்தான் கலங்கினார்கள். குளிரில் யாரும் கலங்கியதில்லை.

இதற்கு நல்ல மருந்து உங்கள் ஊரிலேயே இருக்கிறது, மலைக்கோட்டைப் படி. வாரத்துக்கு இரண்டு நாள், நாலு வாரம் போங்கள். முதுகில் பை இருக்கட்டும். முதல் வாரம் மூன்று கிலோ, கடைசியில் ஏழு கிலோ. தண்ணீர் பாட்டில்களை அடுக்கினால் எடை கணக்காகத் தெரியும். ஏறுவது எப்படியும் போகட்டும், இறங்குவதில் கவனம் வையுங்கள். அடி சிறியதாக, முழங்கால் லேசாக மடிந்தபடி, பாதத்தைத் தொப்பென்று போடாமல் இறங்க வேண்டும். உயரமான படியில் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். ஒருமுறை இறக்கத்துக்குப் பழகிய தசை சில வாரங்களுக்கு அதை மறக்காது. அதனால் கடைசிப் பயிற்சியை ஒரு வாரம் முன்பே முடித்துவிட்டு ஓய்வெடுங்கள். தசை வலித்தால் பரவாயில்லை. முழங்கால் மூட்டுக்குள் குத்தினாலோ, வீங்கினாலோ மருத்துவரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தேதியைத் தள்ளிப் போடுவதில் ஒரு நஷ்டமும் இல்லை.

காலணியை இந்த வாரமே வாங்கிவிடுங்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் படி ஏற வேண்டும். நடைக்கு மட்டும் புதுசாகப் போட்டால் கொப்புளம் நிச்சயம். கட்டிச் சாக்ஸ் அணிந்து, மாலை நேரத்தில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது அளவு பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். இறக்கத்தில் பாதம் முன்னால் சரியும், விரல் நுனி இடித்துக்கொண்டே வந்தால் நகம் கறுத்துவிடும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு இருவரும் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். இறங்கத் தொடங்கும் முன் கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். கையில் ஒரு தடி கட்டாயம் வேண்டும். விலை கொடுத்து வாங்கினாலும் சரி, வீட்டில் இருக்கும் மூங்கில் கம்பானாலும் சரி. இன்னொன்று, வெள்ளகவி ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊரையே கோயிலாக மதிக்கிறார்கள். எல்லையில் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம்.

சரி, குளிர். ஜனவரி கடைசியில் கொடைக்கானலில் இரவு வெப்பம் 8 டிகிரியை ஒட்டி இருக்கும், சில இரவுகள் இன்னும் இறங்கும். நீலகிரியில் தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி பிடிப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த காற்று கனமானது. தெளிந்த இரவில் அது தண்ணீர் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும், அங்கேதான் பனி உறையும். பக்கத்திலேயே இருக்கும் சோலைக்குள் மரக்கூரை வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும். கூடாரம் போடும் நடைக்குப் போனால் பள்ளத்துப் புல்வெளியையும் ஓடைக்கரையையும் விட்டு, கொஞ்சம் மேலே காற்று மறைவாக இடம் பாருங்கள். நீங்கள் இரண்டு இரவும் ஊரில் தங்குவதால் கூரைக்குக் கீழே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதுவே பாதிக் கவலையைத் தீர்த்துவிடும்.

நம் மலையில் ஆளை வாட்டுவது குளிரும் ஈரமும் சேர்ந்துகொள்வதுதான். சில வருடங்களுக்கு முன் என்னோடு வந்த ஓர் இளைஞர் ஜீன்ஸ், பருத்தி பனியன், அதன் மேல் கம்பளி ஸ்வெட்டர் என்று காலையிலேயே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கிளம்பினார். பகலெல்லாம் வியர்த்து பனியன் நனைந்துபோனது. மாலை மூடுபனி வந்து, காற்றும் அடித்தபோது கை நடுங்கி அவரால் தன் பையின் ஜிப்பைத் திறக்க முடியவில்லை, பேச்சும் குழறியது. அன்றைக்கு வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழே போகவே இல்லை. நல்லவேளை, பக்கத்தில் வீடு இருந்தது. ஈரத்தைக் களைந்து, உலர்ந்த துணி மாற்றி, சூடாகச் சர்க்கரை போட்ட காபி கொடுத்ததும் தேறினார். நடுக்கம் நிற்காமல், பேச்சு குழறி, பித்தான் போடத் தடுமாறினால் அது வெறும் குளிர் அல்ல, உடல் வெப்பம் இறங்கும் அடையாளம். உங்கள் மகளையும், குழுவில் வருகிற மற்றவர்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

ஆகவே நடக்கும்போது பருத்தி வேண்டாம், விளையாட்டுக் கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் டி-ஷர்ட்டும் டிராக் பேண்டும் போதும். அவை வியர்வையைத் தேக்காமல் சீக்கிரம் காயும். கிளம்பும்போது லேசாகக் குளிரட்டும், பத்து நிமிடத்தில் உடம்பு சூடாகிவிடும். வியர்க்கப் போகிறது என்று தெரிந்ததும் மேல்துணியைக் கழற்றுங்கள், நின்றதும் போட்டுக்கொள்ளுங்கள். சோம்பல்படாமல் இதைச் செய்பவர் ஒரு ஸ்வெட்டரோடு சமாளித்துவிடுவார். மாலைக்கு ஒரு முழு செட் உலர்ந்த துணி, சாக்ஸ் உட்பட, தனியாகக் கட்டி வையுங்கள். எது நடந்தாலும் பகலில் அதைத் தொடக் கூடாது. குல்லா, ஒரு ஸ்வெட்டர் அல்லது ஃபிளீஸ், மழைக்கும் காற்றுக்கும் ஆகிற ஒரு ரெயின்கோட், இவ்வளவுதான் குளிருக்கு. தெர்மல் இருந்தால் தூங்கும்போது போடுங்கள், நடக்கும்போது வேண்டாம்.

படுக்கையில் பலர் போர்வையைப் பார்ப்பார்கள், தரையை மறந்துவிடுவார்கள். சிமெண்டுத் தரை இரவெல்லாம் உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஒரு ஃபோம் பாய் கீழே, அங்கே கொடுக்கும் கம்பளி மேலே போதும். ஸ்லீப்பிங் பேக் வேண்டுமென்றால் வாடகைக்கு எடுங்கள். படுக்கும் முன் கடலை மிட்டாயோ பேரீச்சையோ சாப்பிட்டுவிட்டு, எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, ஒரு சாக்ஸுக்குள் நுழைத்துக் காலடியில் வைத்துக்கொண்டால் நல்ல தூக்கம் வரும்.

பைக்கு வருவோம். 60 லிட்டர் வேண்டாம். இடம் இருந்தால் நிரப்பத் தோன்றும். இரண்டு இரவுக்கு 40 முதல் 45 லிட்டர் தாராளம். தண்ணீர் உட்பட மொத்த எடை உங்கள் எடையில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாமல் பாருங்கள், 60 கிலோ இருப்பவருக்கு ஏழரை கிலோ. இடுப்புப் பட்டை இல்லாத பையை எடுக்காதீர்கள். முதலில் இடுப்பெலும்பின் மேல் பட்டையை இறுக்கி, அப்புறம் தோள்பட்டையை இழுங்கள். எடையின் பெரும்பகுதி இடுப்பில் உட்கார வேண்டும். பையின் உள்ளே, சீனி மூட்டைக்குள் வரும் தடித்த பாலித்தீன் உறையை விரித்து அதற்குள் துணிகளைப் போட்டால் எந்த மழையிலும் நனையாது, திரும்பத் திரும்பப் பயன்படும். டார்ச், விசில், கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி, தினசரி மாத்திரைகள், சானிட்டரி நாப்கினும் பயன்படுத்தியதைக் கட்டி எடுத்துவர ஒரு மூடிய டப்பாவும் இருக்கட்டும். காட்டில் எதையும் புதைக்காதீர்கள், விலங்குகள் தோண்டிவிடும். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை இருக்கிறது, வீட்டில் இருந்தே நல்ல பாட்டில் கொண்டுபோங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் கையில் இருக்க வேண்டும், மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம் கூட. அன்று மதியம் நீங்கள் நடப்பது குளிர்காலத்தில் அல்ல, தேனி மாவட்டத்து வெயிலில். ஓடைத் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் கொதிக்க வைக்காமலோ குளோரின் மாத்திரை போடாமலோ குடிக்காதீர்கள். மேலே ஊர்களும் மாடுகளும் இருக்கின்றன.

வழிகாட்டியிடம் இன்றே போன் செய்து கேட்க வேண்டியவை சில. வனத்துறை அனுமதி யார் பெயரில், எந்தப் பாதைக்கு? தங்கும் இடம் ஊர் வீடா, பட்டா நிலமா, காப்புக்காடா? காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் தங்குவது குற்றம், கூட்டிப்போகிறவர் செய்தாலும் மாட்டிக்கொள்வது நீங்களும்தான். மகளுக்கு 18 ஆகவில்லை என்பதை இப்போதே சொல்லி, என்ன ஒப்புதல் வேண்டுமென்று கேளுங்கள். குழுவில் கடைசி ஆளுக்குப் பின்னால் யார் வருவார்? இதற்குச் சரியான பதில் வராத குழுவோடு போகாதீர்கள். புதியவர்தான் பின்தங்குவார், அவருக்குத் துணை வேண்டும். யாராவது காலை உடைத்துக்கொண்டால் என்ன ஏற்பாடு என்பதையும் கேளுங்கள். இந்தப் பாதையில் வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும் என்று நம்ப முடியாது. வெள்ளகவி மக்களே நோயாளியை டோலி கட்டித்தான் தூக்கி வந்திருக்கிறார்கள். மாலை ஆறே கால் வாக்கில் சூரியன் மறையும், பள்ளத்தாக்கில் அதற்கு முன்பே இருட்டிவிடும், எனவே நாலு மணிக்குள் தங்குமிடம் சேரும் கணக்கில் அவர்கள் கிளம்ப வேண்டும்.

தமிழ்நாடு வனத்துறையும் 2024 அக்டோபரில் இருந்து 40 பாதைகளில் ஆன்லைன் பதிவோடு நடை நடத்துகிறது, அந்தந்தப் பகுதி இளைஞர்களே வழிகாட்டிகள். வட்டக்கானல் - வெள்ளகவியும் அதில் ஒன்று. உங்கள் குழுவின் பதில்கள் திருப்தியாக இல்லையென்றால் அதில் ஒருநாள் நடையாகத் தொடங்குவது நல்லது என்பது என் எண்ணம்.

காலத்தை நீங்கள் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை பாதையை வழுக்கலாக வைத்திருக்கும். பிப்ரவரி நடுவில் இருந்து காட்டுத்தீ பயம், வனத்துறை பாதைகளை மூடிவிடும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நம்மால் மறக்க முடியாது. ஜனவரி கடைசியிலேயே புல் காயத் தொடங்கிவிடும். குளிருக்கு நெருப்பு மூட்டலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

காட்டுமாடு எதிரில் வர வாய்ப்பு அதிகம். நின்றுவிடுங்கள், வழியை அதற்கு விடுங்கள், கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகாதீர்கள், படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள். அட்டை இந்த மாதத்தில் பெரிய தொல்லை இல்லை. கொடைக்கானலுக்குச் சொந்தக் காரில் போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும், அரசுப் பேருந்துக்கு வேண்டாம். நடை கும்பக்கரையில் முடிவதால் பேருந்துதான் வசதி.

கடைசியாக, திரும்பி வந்த பிறகு கவனிக்க வேண்டிய ஒன்று. குளிர் மாதங்களில் தமிழ்நாட்டில் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் அதிகம் வரும். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகள் கடிப்பதால் பரவுகிறது. புல்லில் நேராகப் படுக்காதீர்கள், துணியைப் புதர் மேல் காயப் போடாதீர்கள், இறங்கியதும் குளித்து, போட்டிருந்த துணியைத் துவைத்துவிடுங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் இருவரில் யாருக்காவது கடுமையான காய்ச்சலும் தலைவலியும் வந்தால் மாத்திரை போட்டுக் காத்திருக்க வேண்டாம். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்டது போல வலிக்காத கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் "காட்டுக்குள் நடந்துவிட்டு வந்தேன்" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கிலேயே கட்டுப்படும். தாமதமானால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது.