சூப்பர்ஹீரோ படமும் வீட்டுப் பிள்ளைகளும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேட்டது ஒன்றுதான்: "இந்தப் படத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா?" வயதை எழுதியவர்கள் மிகச் சிலர். தயவுசெய்து வயதை எழுதுங்கள். ஐந்து வயதுக்காரனைத் தூங்கவிடாத காட்சியைப் பதினொரு வயதுக்காரி சிரித்துக்கொண்டே பார்ப்பாள்.

கேள்வி: என் மகன் டெட்பூல் பொம்மை வைத்திருக்கிறான். படத்தையும் காட்டலாமா?

கூடாது. 2016-இல் வந்த முதல் படத்துக்கே அமெரிக்காவில் ஆர் சான்றிதழ், அதாவது பதினேழு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்க முடியும். பொம்மை விற்கிறது என்பதற்காக அது சிறுவர் படம் ஆகிவிடாது. சான்றிதழைப் பார்க்க அரை நிமிடம் போதும், அதைக்கூடப் பார்க்காமல் எழுதியிருக்கிறீர்கள். லோகன், ஜோக்கர் படங்களைப் பற்றிக் கேட்ட இருவருக்கும் இதே பதில்தான்.

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது. படம் பிஜி-13, ஆனால் ரத்தமே இல்லை என்கிறார்கள். அப்படியானால் பிரச்சினை இல்லையே?

ரத்தத்தை மட்டும் அளந்து படத்தை எடைபோடும் இந்தப் பழக்கத்தோடு எனக்கு நெடுநாள் சண்டை உண்டு. பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சில காட்சிகள் ஆகாமல் போகலாம் என்று பெற்றோரை எச்சரிக்கும் அமெரிக்கச் சான்றிதழ்தான் பிஜி-13. அது பிறந்தது 1984-இல். அந்தக் கோடையில் வெறும் பிஜி (பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம்) சான்றிதழோடு வந்த இண்டியானா ஜோன்ஸ் இரண்டாம் படத்தில், உயிரோடு இருப்பவனின் நெஞ்சிலிருந்து இதயத்தைப் பிடுங்குகிறார்கள். அதையும் கிரெம்லின்ஸ் படத்தையும் பார்த்துப் பெற்றோர் கொதித்துப்போக, பிஜிக்கும் ஆருக்கும் நடுவில் புதிதாக ஒரு படி போட்டார்கள். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் பின்னால் வந்த பெரிய சூப்பர்ஹீரோ படங்கள் அந்தப் படிக்குள் அடங்குகிற மாதிரி ரத்தத்தைத் துடைத்துவிட்டு அடியை அப்படியே வைத்துக்கொண்டன.

பேட்மேன் படமான டார்க் நைட் (2008) படத்தின் பென்சில் காட்சியை நினைத்துப் பாருங்கள். மேசையில் நட்டு வைத்த பென்சிலின் மேல் ஒருவனின் தலையை வில்லன் ஜோக்கர் மோதுகிறான், ஆள் அங்கேயே முடிந்துவிடுகிறான். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. சான்றிதழ் பிஜி-13. பிரிட்டனில் 12ஏ, அதாவது பெரியவர் துணையோடு வந்தால் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களும் பார்க்கலாம். படம் மிக நல்ல படம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்பது வயதுக்கு அது ஆகாது. பதின்மூன்று, பதினான்கு ஆகட்டும்.

இதைவிட என்னை வருத்துவது இன்னொன்று. ஊரே இடிந்து விழுகிறது, ஆயிரக்கணக்கானோர் உள்ளே இருந்திருக்க வேண்டும், அடுத்த காட்சியில் நாயகன் ஜோக் அடிக்கிறான். அடித்தால் யாருக்கும் வலிக்காது என்றுதான் பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். முழங்காலில் ரத்தம் வழிந்து, பக்கத்தில் ஒருவர் பதறும் காட்சி அதைவிட எவ்வளவோ மேல். இன்கிரெடிபிள்ஸ் (2004) வெறும் பிஜி படம். அதில் அம்மா தன் பிள்ளைகளைக் குகையில் உட்கார வைத்து, இந்த வில்லன்கள் கார்ட்டூனில் வருகிறவர்கள் மாதிரி இல்லை, சின்னப் பிள்ளைகள் என்று பார்க்க மாட்டார்கள், கொன்றுவிடுவார்கள் என்று நேராகச் சொல்கிறாள். ஆபத்தை ஆபத்தாக மதிக்கிற படம் அது. எட்டு, ஒன்பது வயதுக்கு நான் தயங்காமல் சொல்லும் படமும் அதுதான்.

ஆகவே ஓர் அடி விழுந்த பிறகு படம் நிற்கிறதா, யாராவது அழுகிறார்களா, அடிக்க முடிந்தும் நாயகன் கையைக் கட்டிக்கொள்ளும் இடம் உண்டா என்று பாருங்கள். இதற்கு ஒரே வழி, முதலில் நீங்கள் பார்ப்பது. முழுப்படம் பார்க்க நேரமில்லை என்றால் கடைசி அரைமணி நேரத்தையாவது பாருங்கள்.

கேள்வி: யுஏ என்று போட்டிருந்தால் என்ன அர்த்தம்?

பிள்ளைகள் பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம் என்று அர்த்தம். இந்தியாவில் 2024 முதல் யுஏ 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குத்தான் அந்த வழிகாட்டல். எந்த எண் என்று பாருங்கள். பார்த்துவிட்டு, படத்தையும் முதலில் நீங்கள் பாருங்கள்.

கேள்வி: அனிமேஷன் என்றால் கவலையில்லாமல் விடலாம்தானே?

இல்லை. பிக் ஹீரோ 6 (2014) படத்தில் அண்ணன் தீ விபத்தில் இறந்துவிடுகிறான், மீதிக் கதை முழுக்கத் தம்பியின் துக்கம்தான். அருமையான படம். ஆனால் வீட்டில் அண்மையில் இழப்பைக் கண்ட பிள்ளைக்கு எப்போது காட்டுவது என்று யோசியுங்கள், தனியாக உட்கார வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போகாதீர்கள். இன்வின்சிபிள் போன்ற அனிமேஷன் தொடர்களோ பெரியவர்களுக்கென்றே வரைந்தவை.

கேள்வி: இன்ஃபினிட்டி வார் பார்த்த ஆறு வயது மகன், ஸ்பைடர்மேன் செத்துவிட்டான் என்று இரண்டு நாளாக அழுகிறான்.

ஆறு வயதுக்கு அந்தப் படம் சீக்கிரம். சரி, பார்த்தாகிவிட்டது. அடுத்த படமான எண்ட்கேமில் அவன் திரும்பி வருகிறான் என்று இன்றே சொல்லிவிடுங்கள். முடிவைச் சொன்னால் சுவை கெடும் என்பது பெரியவர்களின் கவலை, இந்த வயதுக்கு அது ஆறுதல். அக்ராஸ் த ஸ்பைடர்வர்ஸ் (2023) கூட இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டுப் பாதிக் கதையில் நிற்கும், அதையும் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: நல்ல சூப்பர்ஹீரோ படத்தை எப்படி அடையாளம் காண்பது?

சக்தி கைகொடுக்காத நேரத்தில் நாயகன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். இன்டு த ஸ்பைடர்வர்ஸ் (2018) படத்தில் நாயகன் மைல்ஸ் பெரும்பாலான நேரம் தடுமாறிக்கொண்டே இருக்கிறான். உன்னால் முடியாது என்று அவனை நாற்காலியோடு கட்டிப்போட்டுவிட்டு மற்றவர்கள் போய்விடுகிறார்கள். அதன்பிறகு அவன் குதிக்கும் குதிப்புக்கு அதனால்தான் அத்தனை மதிப்பு. முகமே இல்லாத எதிரிப்படையும் வானத்தைத் துளைக்கும் ஒளிக்கம்பமுமாக உச்சக்காட்சி வந்தால், எழுதியவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

கேள்வி: கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி படத்தின் மூன்றாம் பாகம்? மகளுக்கு விலங்குகள் என்றால் உயிர்.

இப்போது வேண்டாம். பேசும் ரக்கூன் ராக்கெட்டின் சிறுவயதுக் காட்சிகளில் விலங்குகளை வதைத்துப் பரிசோதிக்கிறார்கள். வயதை நீங்களும் எழுதவில்லை.

கேள்வி: மகளுக்கு வலிப்பு உண்டு. மின்னும் விளக்குக் காட்சிகள் ஆபத்தா?

ஆகலாம். இன்கிரெடிபிள்ஸ் 2 (2018) திரையிட்டபோது அரங்குகளில் இதற்கென்றே எச்சரிக்கை ஒட்டினார்கள். மருத்துவரைக் கேட்காமல் எந்தப் படத்துக்கும் போகாதீர்கள்.

கேள்வி: படம் பார்த்த நாளிலிருந்து கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு சோபாவிலிருந்து பறக்கிறான்.

கழுத்தில் எதையும் கட்டவிடாதீர்கள், எங்காவது மாட்டினால் இறுக்கிவிடும். மனிதர்களால் பறக்க முடியாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். மாடி ஜன்னல்களைப் பூட்டி வையுங்கள்.

கேள்வி: நான்கு வயதுக் குழந்தையோடு எண்ட்கேம் மறுவெளியீட்டுக்குப் போகலாமா?

வேண்டாம். மூன்று மணி நேரப் படம், காது கிழியும் சத்தம். குழந்தையை வீட்டில் ஒருவரிடம் விட்டுவிட்டு நீங்கள் போய் வாருங்கள்.