Re: செகண்ட் ஹேண்ட் மஸ்டாங்கா, புது கிரெட்டா டீசலா?

அண்ணாச்சி, செங்கோட்டைல வீடு, மாசம் ரெண்டு தடவ குடும்பத்தோட புனலூர் போவணும், நீங்க, வீட்டம்மா, ரெண்டு பிள்ளைங்க, அம்மான்னு எழுதிருக்கீங்க. அங்கேயே பாதி முடிவாயிட்டு, ஃபோர்டு மஸ்டாங் ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார், அதுல நாலு சீட்டுதான், பின்னால ஏற முன் சீட்ட மடக்கணும், வயசான அம்மாவால அது முடியாது.

நா புளியரைக்காரன், செங்கோட்டை-புனலூர் மலைப்பாதைல வாரம் தவறாம போறவன். எஸ் வளைவுல லோடு லாரி எதுக்க வந்தா ஓரம் ஒதுங்கணும், தார் முடிஞ்சு மண்ணு எறங்குற எடம் பள்ளமா இருக்கும், மஸ்டாங்குக்கு கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டி அடிக்கும் உள்ள இடைவெளி, 137 மிமீதான், அடி தட்டும். ஹூண்டாய் கிரெட்டா எஸ்யூவிக்கு 190. அகலமும் மஸ்டாங் 1.9 மீட்டர், கிரெட்டா 1.79, அந்த வளைவுல அது பெரிய வித்தியாசம்.

அப்புறம் ஜூன் மழை. மஸ்டாங்குக்கு 5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், 401 பிஎஸ் பவர், அத்தனையும் பின் வீலுக்கு மட்டும் போவுது, ஆரியங்காவு தாண்டி ஈர ரோட்டுல கால கொஞ்சம் கூட அமுக்குனா வண்டியோட பின்பக்கம் சறுக்கி வெலகப் பாக்கும். கிரெட்டா டீசல் 116 பிஎஸ்தான், ஆனா 250 என்எம் டார்க், அதாவது இழுவை, எஞ்சின் மெதுவா சுத்தும்போதே கெடைக்கும், அஞ்சு பேரோட ஏத்தத்துல தெணறாது.

அந்த வி8 சத்தம் எனக்கும் உசுரு அண்ணாச்சி, ஆசைய கொற சொல்லல. ரெண்டாவது வண்டியா எடுக்கலாம்னா தாராளமா எடுங்க, முன் பம்பருக்கு அடில கீறல் இருக்கான்னு குனிஞ்சு பாருங்க, முழுசா இறக்குமதி ஆன வண்டி, பார்ட்ஸ் செலவு கடிக்கும். ஒரே வண்டின்னா கிரெட்டாதான், டெஸ்ட் டிரைவுக்கு அம்மாவயும் கூட்டிட்டு போங்க.