கருவாட்டுப் பாக்கெட்டும் ஜி.எஸ்.டி. பதிவும்

கேள்வி: பாம்பனில் நெத்திலிக் கருவாடு வியாபாரம் செய்கிறேன். இதுவரை மூட்டையாகவே விற்றுவந்தேன். இனிக் கால் கிலோ பாக்கெட்டில் லேபிள் ஒட்டி மதுரைக்கும் கேரளத்தில் உள்ள குமுளிக்கும் அனுப்ப எண்ணுகிறேன். ஆண்டு விற்பனை 30 லட்ச ரூபாய். ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டுமா?

பதில்: மதுரைக்கு மட்டும் என்றால் இப்போதைக்கு வேண்டாம்; குமுளிக்கு நீங்களே நேரடியாக விற்பதானால் கட்டாயம் வேண்டும்.

லேபிள் இல்லாமல் மூட்டையாகவோ எடைபோட்டோ விற்கும் கருவாட்டுக்கு வரி இல்லை. வரியில்லாப் பொருளை மட்டுமே விற்பவர், எவ்வளவு விற்றாலும் பதிவு செய்யத் தேவையில்லை. அதே கருவாடு லேபிளுடன் சிறு பாக்கெட்டில் அடைக்கப்பட்டால், 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரிக்குள் வந்துவிடுகிறது. மாநிலத்துக்குள் விற்கும்வரை, ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு. ஆனால் பாக்கெட் விற்பனையைத் தொடங்கிய பின் அந்தக் கணக்கில் மூட்டைக் கருவாட்டின் விற்பனையும் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மாநில எல்லையைக் கடந்தால் இந்த வரம்பே கிடையாது. முதல் பாக்கெட்டுக்கே பதிவு வேண்டும். ஒரு சதவீதம் மட்டும் கட்டும் காம்போசிஷன் திட்டமும் உங்களுக்கு உதவாது, ஏனெனில் அதில் சேர்ந்தவர் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது.

வழக்கமான பதிவில், 200 ரூபாய் பாக்கெட்டுக்கு 10 ரூபாய் வரியை வாங்குபவரிடம் வசூலித்து, பாக்கெட் கவருக்கு நீங்கள் கொடுத்த வரியைக் கழித்துக்கொண்டு மீதியைச் செலுத்துவீர்கள். ஆகவே கையைக் கடிப்பது அந்த 5 சதவீதம் அல்ல, கணக்கு வேலைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் சரக்கு தீர்ந்து விற்பனையே நின்றாலும், அந்தக் காலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம்.

நாடு முழுவதும் ஒரே சந்தை என்பதுதான் ஜி.எஸ்.டி. தந்த வாக்குறுதி. பாம்பனிலிருந்து குமுளி, சென்னையைவிடப் பக்கம். ஆயினும் சென்னைக்குப் பதிவின்றி விற்கலாம், குமுளிக்கு விற்கக் கூடாது. தடையற்ற சந்தையை வலியுறுத்துவோர், ஒரே பொருளுக்கு எல்லையைப் பார்த்து விதி மாறலாகாது என்பார்கள். இதில் அவர்கள் பக்கமே நியாயம் என்று உறுதியாகக் கருதுகிறேன். வெளிமாநில விற்பனையில் வரி ஏய்ப்பு எளிது என்று அரசுத் தரப்பு அஞ்சுவதில் பொருள் உண்டு; ஆனால் அந்த அச்சத்தின் விலையைச் சிறு வியாபாரி கொடுப்பது முறையன்று. 40 லட்ச வரம்பை வெளிமாநிலத்துக்கு விற்கும் சிறு வியாபாரிகளுக்கும் நீட்டுவதே சரி.

அதுவரை, குமுளிக்கான சரக்கைப் பதிவு பெற்ற மதுரை மொத்த வியாபாரியிடம் விற்று, அவர் வழியாக அனுப்புங்கள். ஆர்டர் நிலையாக வரத் தொடங்கியதும் பதிவெடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு கொடுக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். லேபிள் அச்சடிக்கும் முன்பே உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிம எண்ணை வாங்கிவிடுங்கள். அந்த எண் லேபிளில் இருந்தாக வேண்டும்.